தொட்டது தெரியாத கால்கள்

இன்று காலை என் வீட்டுக்காரர் தூண்டிலுக்குப் புது நைலான் கயிறு வாங்கி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாய்க்காலில் மீன் பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. முனையைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொன்னார். வெட்டிய துண்டை என் கால் பெருவிரலின் அடியில் வைத்து, அது வில்லாக வளையும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"மீனுக்கு வாங்கினது லா, ஒன் காலுக்கா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அது உன்னிடமிருந்து வந்த பழக்கம் என்று அவருக்கும் தெரியும்.

நீ இல்லாமல் ஒரு தீபாவளி கழிந்துவிட்டது.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள், நான் பால்மரம் வெட்டியவரின் மகள். ஆறாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன், நீ போய்க்கொண்டே இருந்தாய். நானாகப் படித்ததெல்லாம் சாமி பாட்டும் வீட்டுக் கணக்கும் பழைய பேப்பரும்தான். தலை நரைத்த பிறகு ஒருநாள் நீ என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினாய். பல்கலைக்கழகத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி பண்றவங்களுக்கு யோசனை சொல்ற வேலை டி. அவங்க கண்டுபிடிக்கிறது புத்தகத்துலயே நின்னுடும். அது சனங்க கைக்கு வந்து சேர என்ன வழின்னு நான் சொல்லணும்."

"சொன்னா கேக்கறாங்களா?"

"நல்லாக் கேக்கறாங்க லா. கேட்டுட்டு நன்றின்னு சொல்றாங்க."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உனக்கும்தான்.

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும், முள் குத்தினாலும் தெரியாது, அதை முன்கூட்டியே கண்டுபிடித்தால் காலைக் காப்பாற்றலாம் என்றாய். அதைத் தோட்டத்து மக்களிடம் செய்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு நீ ஆலோசகர். கோல சிலாங்கூர் டவுனில் மண்டபம் எடுத்து, நோட்டீஸ் கொடுத்து, உன் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், உன்னையும் கூட்டிப்போனேன்.

தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு செம்பனை மரங்களுக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும்தான் மிச்சம். எங்கெங்கோ குடிபோனவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை அங்கே வந்துவிடுவார்கள். நீ உள்ளே வராமல் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இங்க யாரையும் கழட்டச் சொல்ல வேணாமே, சரசு!"

அடுத்த வெள்ளியிலிருந்து பூஜை முடிந்ததும் கோயில் கூடத்தில் பாய் விரித்தோம்.

முதல் நாள், தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த நம் பழைய மண்டோர் ஐயா காலைச் சுருக்கி வேட்டிக்குள் மறைத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? "கிராணி மவ என் காலைத் தொடுறதா? பாவம்மா!"

"எங்கப்பா ஒங்கள எத்தன நாள் வெயில்ல நிக்க வச்சாரு? அதுக்குத்தான் நான் தரையில உக்காந்திருக்கேன். நீட்டுங்க."

கூடமே சிரித்தது. அவர் நீட்டினார். கண்ணை மூடச் சொன்னாய். ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழை, அது பட்டதும் அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விரலடி, பாதத்தின் நடு, குதிகால் என்று வளைய வளைய அழுத்தினாய். மண்டோர் ஐயா கண்ணை மூடியபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா சும்மா இருக்க? எப்பத்தான் தொடப் போற?"

நீ அப்போது மறுகாலையும் முடித்துவிட்டிருந்தாய். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

வருடா வருடம் அவர் தீ மிதித்தவர். கொப்புளம் கண்டாலும் முகம் சுளிக்க மாட்டார். அவர் பாதத்தை நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டதுண்டு. வீட்டுக்கு வந்ததும் உன்மேல் எரிந்து விழுந்தேன். "ஆத்தா குடுத்த அருளப் போயி நோயிங்கிற!"

நீ கோபப்படவில்லை. "அருள் இல்லேன்னு நான் சொன்னேனா? அந்த ஆத்தாகிட்டயே சொல்லி அவருக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடு. வீட்டுக்குள்ளயும் போடட்டும்." உன்னோடு சண்டை போட யாருக்கும் வராது.

அந்தச் செருப்பு வந்தது, மருந்து வந்தது, கட்டுப் போட ஆள் வந்தார். மண்டோர் ஐயாவின் குதிகாலில் அவருக்கே தெரியாமல் இருந்த புண் மெல்ல ஆறியது. வெள்ளிக்கிழமை என்றால் சாமியும் கால் சோதனையும் என்று ஆயிற்று. கூச்சப்பட்ட பெண்கள்கூடக் கொலுசைக் கழற்றிவிட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

பிறகு பல்கலைக்கழகத்துக்கு எங்களை அழைத்துக் கேக் வெட்டினீர்கள். சுவரில் படம் காட்டினார்கள். புண்கள் குறைந்ததைச் சொல்லும் கோடு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. எண்களைப் படிக்கத் தெரிந்தவள் நான், எல்லோருக்கும் முன்னால் கைதட்டினேன். அது முடிவு விழா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வெள்ளி பாய் விரித்து உங்களுக்காகக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. உனக்கு போன் போட்டேன்.

"நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபிச்சாச்சு டி," என்றாய். "அதோட அவங்க வேலை முடிஞ்சிடுச்சு."

"அப்ப எங்க காலு?"

நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்று போனை வைத்தாய்.

அதன்பிறகு நீ ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஆராய்ச்சி செய்வதுதான் எங்கள் பொறுப்பு என்றது பல்கலைக்கழகம். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் கிளினிக் நர்ஸ் நல்ல பெண். வாசல்வரை நீண்ட வரிசையைக் காட்டி, "யார அனுப்பட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். யார்மேலும் குறை சொல்ல முடியாமல் ஒரு காரியம் சாவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குள் உன் வயிற்றில் கட்டி வந்துவிட்டது.

கடைசியாக உன்னைப் புக்கிட் செந்தோசா வீட்டில் பார்த்தேன். உன் பாதங்கள் வீங்கியிருந்தன. என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"கோயிலுக்குக் காலு பாக்க யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாய்.

"இல்ல டி."

"இத்தன வருசம் நான் பாத்த வேலையே அதுதான், சரசு. கண்டுபிடிச்சதக் கொண்டு போயி சேக்குறது." திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் பாதங்களைப் போர்வையால் மூடிவிட்டேன்.

நீ போன பிறகு நானே நைலான் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்ச நாள் பார்த்தேன். தெரியவில்லை என்று சொல்பவரிடம் அடுத்து என்ன சொல்வது? உனக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. எனக்குப் பின்னால் சாமி மட்டும்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் போட்டுக் கொடுக்கும் தேதி வருவதற்குள் புண் முந்திக்கொள்கிறது. கெட்ட செய்தியை மட்டும் கொடுத்து அனுப்ப மனம் வராமல் விட்டுவிட்டேன்.

மண்டோர் ஐயாவுக்கு முதலில் விரல் போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே. இந்த வருடத் திருவிழாவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து தீக்குழி ஓரமாக நிறுத்தினார்கள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கிற காலும் மரத்துப் போச்சு தாயி. அந்தக் கிராணி மவ மாதிரி வேற யாராச்சும் வருவாங்களா?"

"தெரியலைங்கய்யா," என்றேன்.

நாற்பது வருடம் அம்மன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டவள் நான். இப்போது தீபாராதனை நேரத்தில் என் பார்வை கீழே போய்விடுகிறது. முன்னால் நிற்பவர்களின் குதிகால் வெடிப்பு, கறுத்த விரல், சேலைக் கிழிசலால் சுற்றிய கட்டு. அடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. யாரிடமும் சொல்வதில்லை. வேண்டிக்கொள்ள நான் தலையை நிமிர்த்துவதற்குள் கற்பூரத் தட்டு என்னைத் தாண்டிப் போய்விடுகிறது.