கடதாசிக்குத்தான் சுட்டனான்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். மாமிக்கு முழங்கால் நோ குறைஞ்சதோ?

இஞ்சை அம்மருட்டிலை நான் தனிய இருக்கிற வீட்டுக் கதவை ஆரோ உடைக்கப் பார்த்தாங்கள் எண்டு சொன்னதுக்கு, "ரிவோல்வர் ஒண்டு வாங்கி வையும்" எண்டியள். சரியெண்டு சுடுற கிளப்புக்குப் போனன். என்ரை சின்னக் கைக்கு அடங்கிற ஒண்டைத் தெரிஞ்செடுத்து, ஆறு தரம் சுட்டன். நாலு குறியின்ரை நடுவிலை பட்டது. பயப்பிடாதேங்கோ, கடதாசிக்குத்தான் சுட்டனான்.

ஆனால் வீட்டுக் காவலுக்கெண்டால் பொலிஸ் அனுமதி தராதாம். விளையாட்டுக்கு மட்டும்தானாம்.

மூண்டு வருஷமா, நீங்கள் என்னட்டை வாறதுக்கான விசாப் பத்திரத்திலை கையெழுத்து வைச்சு அனுப்பச் சொல்லிக் கெஞ்சுறன். அதுக்கு உங்களுக்கு நேரமில்லை. துவக்கு வாங்கு எண்டு சொல்ல மட்டும் நேரமிருக்கு, என்ன?

வேலைக்குப் பிந்துது. பத்திரத்தை இந்தக் கிழமையே அனுப்புங்கோ. ஏலாட்டி உங்கடை பெரிய படம் ஒண்டு அனுப்புங்கோ, கிளப்பிலை கடதாசிக்குப் பதிலா ஒட்டுறன்.

சாருமதி