தனபாக்கியம் பெயர் வெட்டிய டம்ளர்

கார்த்திகை, வியாழன். இரவு.

கடைக்கு வரும் பழைய பாத்திரங்களில் நல்லதை வீட்டுக்கு எடுத்து வந்து, அதில்தான் சாப்பிடுகிறேன். மனைவி போன பிறகு அதைப் பார்க்க ஆளில்லை. இன்று சாயங்காலம் மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்டு கண்டக்டர் மோட்டார் போடச் சொல்லி வந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக உள்ளே உட்கார்ந்தார். ஈயம் பூசிய பித்தளை டம்ளரில் காபி கொடுத்தேன்.

அதில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினார். "தனபாக்கியம். பக்கத்துல கிளி. எங்கம்மாவுக்குச் சீர்ல வந்த டம்ளர் மாதிரியே இருக்குதுண்ணே. எங்க புடிச்சீங்க?"

"மெட்ராஸ்ல. கிளி இன்னா, எல்லா ஆசாரியும்தான் வெட்டுவான்" என்றேன்.

பொய். தொண்டூரில் இவருடைய அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து நானே இறக்கி வாங்கியது. வாங்கிய வீட்டை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

அவர் சிரித்தார். "அதானே, ஊர்ல ஒரே ஒரு தனபாக்கியமா?" ஒரு சொட்டு விடாமல் குடித்தார். படியேறப் போனவர் திரும்பி, "நாளைக்கும் இதுலயே ஒரு காபி ஊத்துவீங்களா? டிக்கெட் கேக்க மாட்டீங்களே?" என்றார்.

"வாங்க கண்டக்டரே" என்றேன்.

டம்ளரைக் கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். அதுதான் நியாயம். கொடுத்தால் மாடியிலேயே காபி போட்டுக் குடித்துக்கொள்வார்.

காலையில் பால்காரரிடம் கால் லிட்டர் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.