ஆண்டிறுதியில் ஒரு வீட்டுச் செய்தி

நண்பனே,

முதலில் உறுதியான செய்தி. வதனியின் மார்பில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சொன்னது வதனியே. நான் வைத்தியரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே நேரில் கண்டதாக எழுத முடியாது.

இன்று வருடத்தின் கடைசி நாள். வெள்ளவத்தையில் நம்முடைய சைவக் கடையிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்கு நேரே போவதாகத்தான் நினைத்தேன். வடை பொரிகிற மணம் காலி வீதி வரைக்கும் வந்து உள்ளே திருப்பிவிட்டது. உன் கதிரையில், கலண்டர் சுருள்கள் நிறைந்த பையோடு யாரோ ஒருவர் இருந்து இடியப்பம் சாப்பிடுகிறார். கடையில் அவ்வளவு சனம்.

வேறு வேறு பத்திரிகைகளில் வேலை செய்தோம். டிசம்பர் முழுக்க நாட்டின் ஒரு வருடத்தைத் தொகுத்துக் களைத்த பிறகு, கடைசி நாளில் இங்கே சந்திப்போம். நீ கோட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவாய். விதி நீ போட்டது: நாட்டு நடப்பு பேசக்கூடாது, ஆளுக்கு ஒரு வீட்டுச் செய்தி, யார் சொன்னது என்ற விபரத்தோடு. ஒரு முறை உன் மகள் கார் ஓட்டப் பழகிவிட்டாள் என்றாய். ஆதாரம் கேட்டேன். வீட்டின் முன்மதிலை வந்து பார்க்கச் சொன்னாய்.

ஒரு வருடம் என்னிடம் செய்தி இருக்கவில்லை. வீட்டில் எல்லாரும் சுகம் என்று சொல்லிவிட்டுப் பிளேன்ரீக் கோப்பையை எடுத்தேன். நீ விடவில்லை.

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? நான்தான்."

"நீ வீட்டில இருக்கிறனியே, மச்சான்? போனை எடுத்து உன்ர மனுசியிட்டக் கேள்."

பகிடி என்று நினைத்தேன். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அழைத்துக் கேட்டபோது வதனி சிரித்தாள். "ஏன், பேப்பரில போடப் போறியளோ?" பிறகு, மழை தொடங்கியதிலிருந்து முழங்கால் நோவு என்றாள், சாமான் பையோடு ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறாளாம். கொழும்பு மாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுதாகிக் கிடப்பதைப் பற்றி அந்த மாதம்தான் நான் எழுதியிருந்தேன். எங்கள் கட்டடமும் அதில் ஒன்று.

நீ ஒரு வடையை என் தட்டில் தள்ளிவிட்டு, "இப்ப இருக்கு செய்தி" என்றாய்.

இந்த வருடம் ஆனி மாதத்தில் நீ எங்களை விட்டுப் போனதை உன் மகள் தொலைபேசியில் சொன்னாள். ஆர் சொன்னது, ஆர் சொன்னது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேனாம். "நான்தான் அங்கிள் சொல்றன்" என்று அவள் பதில் சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே வதனியிடம் அன்றைய செய்தியைக் கேட்பது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். மீன்காரர் இரண்டு நாளாக வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டரை நிறுத்த மறந்துவிட்டார். போன கிழமை ஒரு நாள், பருப்பைக் கிளறிக்கொண்டே கட்டியைப் பற்றிச் சொன்னாள். "நீங்கள் கேட்டபடியாச் சொல்றன். இல்லாட்டிப் பொங்கல் முடியப் பாப்பம் எண்டு இருந்தனான்."

அடுத்த நாள் காலையிலேயே வைத்தியரிடம் போனோம்.

நேற்றிரவு அவளுடைய தமக்கை கனடாவிலிருந்து பேசினா. பயப்பட ஒன்றுமில்லை என்றா. உன் கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. அவவும் தங்கைக்காகத்தான் சொல்கிறா என்று விழுங்கிவிட்டேன். ஆனால் இன்று காலையிலிருந்து எத்தனையோ பேர் புதுவருட வாழ்த்தோடு வீட்டில் சுகமா என்று கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் நான் சுகம் என்று சொல்லவில்லை. சொல்ல ஆதாரம் இல்லை.

கடையிலிருந்து அழைத்தபோது வதனி இரண்டு வடை கட்டிக்கொண்டு வரச் சொன்னாள், சூடாக வேண்டுமாம். நான் கிளம்ப வேண்டும்.

சோதனை முடிவு, புதுவருடம் பிறந்து வரும் முதல் வேலை நாள் பின்னேரம் கிடைக்கும். சொன்னது ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளை. அன்றைக்கு வைத்தியரின் அறையில் எனக்கும் ஒரு கதிரை போடச் சொல்லி இருக்கிறேன்.