கம்பெனியைக் கேட்காமல் ஓடிய பெட்டி

ஆடிக் கிருத்திகை, இரவு

முருகன் மலைக்குக் கூட்டம் வந்தால் ஊரில் நெட் படுத்துவிடும். பிள்ளைகள் காசு கொடுத்து ஆடும் எங்கள் கடை கேம் பெட்டிகள், அதைச் செய்த கம்பெனியிடம் நெட் வழியாக அனுமதி கேட்காமல் ஓடாது. அதனால் வருஷா வருஷம் இன்றைக்குக் கடையை மூடிவிடுவேன்.

இந்த வருஷம் அந்தக் கம்பெனியே தள்ளாடுகிறது. இனி புதுப் பெட்டி வராது என்கிறார்கள். காலையில் அக்கா வீட்டுக்காரர் வந்தார். "வெல போறப்பவே தள்ளிடும்மா. நாளைக்கு அவன் கடைய சாத்திட்டான்னா இது வெறும் டப்பா."

"இருங்க பாவா" என்று ஆன் செய்தேன். இனிமேல் எங்களைக் கேட்க வேண்டாம் என்று போன வாரம் கம்பெனி அனுப்பிய அப்டேட்டில் போட்டிருந்தது. நான் நம்பவில்லை. ஆனால் நெட் இல்லாமலே ஓடியது.

மொட்டைத் தலைப் பிள்ளைகள் சாயங்காலம் வரை ஆடினார்கள். ஹெட்போன் எல்லாம் சந்தனம்.

"ஓடிகினேதான் கீது" என்றார் பாவா. விற்கிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

தான் முழுகும் நேரத்தில் யாருக்கு அடுத்தவர் நினைப்பு வரும்? எங்கேயோ ஒருத்தர் உட்கார்ந்து, கம்பெனி போனாலும் வாங்கினவர்களின் பெட்டி ஓட வேண்டும் என்று வேலை பார்த்திருக்கிறார். திருத்தணி என்று ஓர் ஊர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கம்பெனியில் அவர் வேலை என்ன ஆனதோ.