இரண்டாவது பாடத்தை என்னிடம் கேட்கச் சொல்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீ நலமா என்று நான் கேட்கத் தேவையில்லை, நீ அங்கே என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய் என்பதெல்லாம் உன் தங்கையின் அறைக் கதவு வழியாகவே எனக்கு வந்துவிடுகிறது. போனில் பேசியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அக்காவா என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் காரியம் கெட்டுவிடும், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கப்போகிறேன், அவர் படிப்பார், படிக்கட்டும்.

விஷயம் இதுதான். சின்னவள் பள்ளியின் கடைசி வருடத்துக்கு சமூக அறிவியலில் இரண்டு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும். வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல், சமூகவியல், உளவியல் என்று வரிசையாக இருக்கிறது. நில அளவை அலுவலகத்தில் இத்தனை வருடமாக வரைபடங்களோடு மாரடிக்கிற ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டாளா என்றால் இல்லை. நேற்றுகூட ஒரு அண்ணனும் தம்பியும் குளியலறைச் சுவர் யாருடையது என்று என் மேஜை முன்னால் நின்று கத்தினார்கள், நான் எல்லையைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டு போனார்கள். ஊரே என்னிடம் வந்து கேட்கிறது, என் வயிற்றில் பிறந்தது கேட்க மாட்டேன் என்கிறது. பார்த்தால் ஆசை வருமே என்று பழைய நகர வரைபடம் ஒன்றை ஆபீசில் கேட்டு வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்தேன். வந்தாள், அதன்மேல் முழங்கையை ஊன்றி, என் அளவுகோலில் போனைச் சாய்த்துவைத்து உன்னோடு மணிக்கணக்காகப் பேசினாள். சமூகவியல் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. நான் அடுப்படியில் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது, சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெற்ற பிள்ளைமேலேயே பொறாமைப்படுவார்களா என்று கேட்காதே, படுகிறேன்.

அக்காவைக் கேட்டாள், போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டால், அப்பாவையும் கேட்டிருக்கிறாள். ரிமோட்டுக்கு எந்த பேட்டரி என்று இன்றுவரை தெரியாத மனிதர், அவரிடம் போய் உளவியலா அரசியலா என்று யோசனை. அதில் அவருக்குப் பெருமை வேறு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைகிறார். என்னை ஏன் கேட்கவில்லையாம் என்று அவரைப் பிடித்து விசாரித்தேன். மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார், அம்மாகிட்ட கேட்டா உன் இஷ்டம்னு சொல்லும், அப்படின்னா வேண்டாம்னு அர்த்தம் என்றாளாம். இது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். உனக்கும் தெரியுமா? உனக்குப் பொருளாதாரம் என்று நான்தான் சொன்னேன், நீ மறுபேச்சுப் பேசவில்லை, இப்போது கெட்டா போய்விட்டாய்? அதைப் பற்றி அவளிடம் நீ என்ன சொல்லிவைத்திருக்கிறாய் என்பது மட்டும் கதவு வழியாகச் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த வருடம் இவளும் எங்காவது படிக்கப் போய்விடுவாள். அப்புறம் இந்த வீட்டில் என்னைக் கேட்டு முடிவாகிற விஷயம் பால் எத்தனை பாக்கெட் என்பது மட்டும்தான்.

இரண்டாவது பாடம் இன்னும் முடிவாகவில்லை, அதற்காகச் சனிக்கிழமை உன்னைக் கூப்பிடப்போகிறாள். அப்போது நீ, எனக்குத் தெரியலடி, அம்மாவையே கேளு என்று சொல்லிவிடு. வந்து கேட்டால் புவியியல் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன், வரைபடத்தைச் சுருட்டி ஆபீசிலேயே கொடுத்துவிட்டேன். உனக்கு எது பிடிச்சிருக்கு என்று கேட்பேன், எதைச் சொன்னாலும் எடுத்துக்கோ என்பேன். கேட்டாளே, அது போதும் எனக்கு. நான் சொல்லித்தான் நீ அனுப்பினாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் நீ. ஒன்று மட்டும் மறக்காதே. வேலை மாறியதையும் மாறிய பிறகுதான் சொன்னாய், வீடு மாறியதையும் அப்படித்தான். இனிமேலாவது ஏதாவது ஒன்றைச் செய்வதற்கு முன்னால் என்னைக் கேள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், சட்டையில் பட்ட மை எப்படிப் போகும் என்றாவது கேள். எனக்குத் தெரியும்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா