பதில் வாங்க வேண்டியவள்

இல்லை, நான் மறக்கவில்லை. மறக்க வழியும் இல்லை. மட்டாஞ்சேரியில் பாதித் தெருக்களுக்கு உன் மலையின் வாசனைதான்.

இன்று காலை அத்தா கடையில் ஒரு சாக்கைப் பிரித்தார். குங்கிலியம். "உன் சிநேகிதி ஊருச் சரக்குதான்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். நான் தரம் பிரிக்க உட்கார்ந்தேன். தெளிந்த கட்டி தனி. கறுத்தது தனி. மரப்பட்டையோடு வந்தது தனி.

பட்டையோடு வந்த ஒன்றில் மஞ்சள் பெயிண்ட் இருந்தது.

அத்தா எட்டிப் பார்த்தார். "பெயிண்டு பட்டதைக் களைஞ்சிரு. புகையில நாறும்" என்றார். நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உனக்கு அந்த மஞ்சளைத் தெரியாது. நீ இருந்தவரை மேல்சரிவில் அது இல்லை. வேறு மலைகளில் நான் பார்த்திருக்கிறேன். எந்த மரத்தைத் தாண்டி இனி யாரும் ஏறக்கூடாதோ, அந்த மரத்தில் அடிப்பது.

உன்னை முதலில் பார்த்தது சப்பாத்தின் மறுகரையில். ஆறு அந்தத் தாழ்ந்த பாலத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றேன். நீ அந்தப் பக்கம் நின்று உதவாமல் சிரித்தாய். உன் மலைக்குடியில் இருப்பவர்களின் பேச்சு மலையாளத்தைவிடத் தமிழுக்குப் பக்கம் என்பதால் என்னை இந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள். நீ அந்த மலைக்குடிக்கும் எங்கள் ஆபீஸுக்கும் நடுவில் பேசுகிறவள். என் தமிழைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துச் சொன்னாய்: "பாதி மலையாளம், பாதி மீன் நாத்தம். இதையா தமிழுன்னு அனுப்பியிருக்காங்க?" அன்றிலிருந்து நான் கொச்சிக்காரி.

என் வேலையின் பெயர் நீளமானது. காடு, நிலம் பற்றிப் புதிய விதி வரும்போது, அங்கே வாழ்கிறவர்களின் கருத்தைக் கேட்க ஏற்பாடு செய்கிறவள். நீ அதைச் சுருக்கினாய். கேக்குறவ.

ஊர்க்கூட்டத்தில் கேட்டேன். மேல்சரிவில் பாஸ் இல்லாமல் ஏறக்கூடாது என்கிறது விதி. குங்கிலியம், தேன் எதுவானாலும். இதற்குச் சம்மதமா? எழுபது பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. எனக்குப் பின்னால் காட்டில் ஏதோ ஒடிந்து விழுந்தது, அதற்கும் யாரும் திரும்பவில்லை. நான் மறுபடி கேட்க வாயெடுத்தபோது நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"கேட்டாச்சுல்ல. எந்திரி."

இறங்கி வரும் வழியில்தான் விளக்கினாய். உங்களிடம் கேட்ட நாளில் பதில் கிடையாது. கேள்வி குடியில் தங்கும். வீடு வீடாகப் போகும். எல்லோரும் பேசி முடித்த பிறகு, கேட்டவர் திரும்பி வர வேண்டும். கேட்டவரேதான். வேறு ஆள் வந்தால் கிழங்கு கொடுப்பார்கள், சாயா கொடுப்பார்கள், பதில் கொடுக்க மாட்டார்கள். அதுவரை குடியில் புதுக் கூரை வேய்வதில்லை, கல்யாணம் பேசுவதில்லை.

கேட்டவர் வரவே இல்லையென்றால்?

நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தாய். "கேள்வி போகாது. இங்கயே சுத்தும். அப்புறம் யாரையாவது பிடிக்கும்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அன்று கூட்டத்தில் நான் ஒரு வாக்கும் கொடுத்திருந்தேன். நீங்கள் பதில் சொல்லும்வரை ஒரு மரத்தையும் தொட மாட்டார்கள் என்று. ஆபீஸில் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். நீ அதை உன் வார்த்தைகளில் திருப்பிச் சொன்னாய், கொஞ்சம் மெதுவாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. உன் குரலில் கேட்டபோதுதான் எனக்கே அது உண்மை என்று பட்டது.

மழை பிடித்துக்கொண்டது. உனக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். சப்பாத்து மூழ்கி, உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஜீப் இந்தக் கரையிலேயே நின்றது. தண்ணீர் வடிந்தபோது ஜீப்புக்கு வேலை இருக்கவில்லை.

யாரையாவது பிடிக்கும் என்றாய். படித்தவள் நான், எலிக்காய்ச்சல் எதனால் வரும் என்று தெரியும். ஆனாலும் அந்த வாக்கியம் என் அறையில் என்னோடு இருக்கிறது.

பிறகு என்னைக் கடலோர வேலைக்கு மாற்றினார்கள். நான்தான் திரும்பிப் போக வேண்டும் என்று ஸாரிடம் சொன்னேன். எங்கள் ஆபீஸின் மேலாளர், கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். அது அவர்களுடைய நம்பிக்கை, நமக்கு இருப்பது கெடு என்றார். இன்னொருவரை அனுப்பினார்.

நேற்று காணி கூப்பிட்டார். குடித்தலைவரான அவர் போன் பேச வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஒரு ஸாறு வந்தாரு. கேட்டாரு. கெழங்கு கொடுத்து அனுப்பிட்டோம். கேட்டவ நீ. அவருகிட்ட எப்படிச் சொல்லுறது?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ரெண்டு வீட்டுல கூரை ஒழுகுது. யாரும் கை வைக்கலை. நீ வருவியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நேற்றே ஸாரிடம் போனேன். அறிக்கை திங்கட்கிழமை போகிறதாம். எதிர்ப்பு எதுவும் வரவில்லை என்று எழுதியாயிற்று. ஒன்றுமே சொல்லாதவர்களை வேறு எப்படி எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி போலவே இருந்தது. நான் போனால் அது ஆபீஸ் அனுப்பிப் போனதாகாது, திரும்பி வரும்போது இந்த மேசை இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். கோபமில்லாமல்.

நேற்று முழுக்க எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இன்னும் எதுவும் தொடங்கவில்லை, அறிக்கை போனாலும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற சாக்கு. இன்று காலை அந்தத் தொடக்கமே ஒரு கட்டிக் குங்கிலியத்தில் ஒட்டிக்கொண்டு வந்து கடையில் இறங்கிவிட்டது. மரங்களைத் தொட்டுவிட்டார்கள். நீ திருப்பிச் சொன்ன வாக்கு அது. உன் குடியில் அதை உன் குரலில்தான் நினைத்திருப்பார்கள்.

அவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாட்டோம் என்று சொல்லலாம். மஞ்சளைக் காட்டி, இப்போது எதற்கு வந்தாய் என்று கேட்கலாம். அதைக் கேட்க நீ பக்கத்தில் இருக்க மாட்டாய். முழங்கையைப் பிடிக்க, எந்திரி என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை.

காலையிலிருந்து கிழக்கே இருட்டிக்கொண்டு நிற்கிறது. சப்பாத்து இன்று மூழ்கலாம்.

நான் கையைத் துடைத்தபோது, "குடையை எடுத்துக்கோ" என்றார் அத்தா. குங்கிலியப் பிசின் துடைத்தால் போவதில்லை. எண்ணெய் போட்டாலும் விரல்களில் வாசனை நிற்கும். அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். மஞ்சள் ஒட்டிய கட்டி பையில் இருக்கிறது.

வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மலைப்பக்கம் போகும் இந்த பஸ்ஸில் ஏறினேன்; இதை எழுதுவதும் இதில் உட்கார்ந்துதான். டிக்கெட் வாங்கிய பிறகு காணிக்குக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னேன்.