மூன்று விடை உள்ள கணக்கு

ஞாயிறு.

ஆசிரியர் வேலைக்கான தேர்வு முடிந்தது. உடம்பெல்லாம் அசதி. காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், மலையிலிருந்து தேர்வுக்கு வந்த மல்லிகா கேட்டாள். "அக்கா, 6x-ஐ பதினஞ்சால வகுத்தா மீதி ஒம்பது வரணும். பதினஞ்சுக்குள்ள x-க்கு எத்தினி விடை? எனக்கு மூணு வருது."

"ஒண்ணுதான், நாலு" என்றேன்.

தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. என்னை நம்பி அவளும் ஒன்று என்றே குறித்ததாக வெளியே வந்ததும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் மூன்றால் சுருக்கினால் வகுக்கும் எண் ஐந்தாகிவிடுகிறது. அதனால் நாலோடு ஐந்தைந்தாகக் கூட்டி 4, 9, 14 மூன்றுமே சரி. நான் நாலோடு நின்றுவிட்டேன்.

போன் செய்து சொன்னேன். "தெரியும்க்கா. பஸ்ல திரும்பி வந்துகினு இருக்கும்போதே போட்டுப் பாத்தேன். உங்களுக்கும்தான மார்க் போச்சு, அதான் சொல்லல" என்றாள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.